கவர்னருக்குப் பாட்டு இல்லை

எடுத்த திருவடியை இன்னும் கீழே வைக்காமல் ஆடிக்கொண்டிருக்கிறானே, பார்ப்பவர் உண்டா இல்லையா என்று கேளாமல், கைதட்டலுக்கும் காத்திராமல், அந்தக் கூத்தனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன் அம்மா. எதைப் பேசினாலும் அவனை முன்னிட்டுப் பேசுவது என் வழக்கம்.

நீங்கள் கைப்பேசியில் தமிழில் பேசினீர்கள். ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. ‘புளியை ஊற வை, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்’ என்றீர்கள். அந்தச் சொல் விழுந்ததும் கடைசி இருக்கையிலிருந்து எழுந்து இங்கே வந்துவிட்டேன். உட்காரலாமா? உட்கார்ந்துவிட்டேன் பாருங்கள், அனுமதி கேட்பது அதற்குப் பிறகு!

என் பெயர் தாணுமாலயப் பெருமாள். ஊர் நாஞ்சில்நாடு, பூதப்பாண்டிப் பக்கம். என் மனைவி சிவபதம் அடைந்த பிறகு மகன் என்னை இந்த ஆக்லாந்துக்கு அழைத்துக்கொண்டான். குறைவில்லாமல் வைத்திருக்கிறான் அம்மா. எனக்குத் தனி அறை, தனிக் குளியலறை, தனித் தொலைக்காட்சி, தேநீர் போட்டுக்கொள்ளத் தனி அடுப்பு. எல்லாம் தனி. காலையில் அவர்கள் புறப்பட்டுப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். அதற்கென்ன, அவரவருக்கு வேலை இருக்கிறது. எனக்கும் பாராயணம் இருக்கிறது. முதியோருக்கு இந்தப் பேருந்தில் கட்டணமும் இல்லை. ஏறி உட்கார்ந்தால் ஊர் முழுவதும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனாலும் எனக்கு ஓர் அவமதிப்பு நேர்ந்தது. அதைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

இந்த வழியில் சமூகக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே சனிக்கிழமைதோறும் எங்கள் வழிபாட்டுக் குழு பதிகம் ஓதி வந்தது. முதலில் கூடம் நிறைந்த கூட்டம். பிறகு சிலர் நகரின் மறுகோடிக்கு வீடு மாற்றிப் போனார்கள். சிலர் கணினித் திரையிலேயே கூடிக்கொள்ளலாம் என்றார்கள். திரையில் எப்படி அம்மா திருநீறு கொடுப்பது? நான் கூடத்துக்கே போனேன். கடைசியில் நான் மட்டும் போனேன். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, விளக்கேற்றி, நானே ஓதி, நானே வாழ்த்துப் பாடி முடிப்பேன். வாழ்த்தை மட்டும் விடவே மாட்டேன். எவ்வளவு ஓதினாலும் வாழ்த்துப் பாடாமல் எழுந்தால் ஓதியது முடிந்ததாகாது. சிறுவயதிலிருந்தே அப்படிப் பயின்றுவிட்டேன்.

ஒருநாள் வாழ்த்துப் பாடிவிட்டுத் திரும்பினால், வாசலில் பத்துப் பதினைந்து பேர் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். எல்லோரும் மாவோரி மக்கள். இந்த மண்ணின் மூத்த குடிகள். கையில் பெட்டி, துணிமூட்டை, ஒட்டுமீசை. நான் கூடத்தை விட வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருக்கிறது. தெய்வத்தைப் பாடுகிறவரை இடையில் நிறுத்தக் கூடாது என்று நின்றிருக்கிறார்கள். நான் பதறி ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

அவர்களில் தலைவி போலிருந்த ஒரு பெண்மணி, மெரியானா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், “மன்னிப்பெல்லாம் வேண்டாம். இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார்.

“எதை?”

“இப்போது சொன்னீர்களே, ‘தங்கள் பொறுமைக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டவன்’ என்று. அப்படியே, அந்தக் குரலிலேயே.”

சொன்னேன். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஹேமி என்பவர், மலைபோல் உடம்பு, சுவரில் சாய்ந்துகொண்டு, “மெரி, நமக்குக் கவர்னர் கிடைத்துவிட்டார்!” என்றார்.

அவர்கள் நகைச்சுவை நாடகக் குழு அம்மா. சிறு சிறு காட்சிகளாக, வெள்ளைக்காரர் கப்பலில் வந்து இந்த நாட்டை எடுத்துக்கொண்ட கதையை நடித்துக் காட்டுவார்கள். அதற்குக் கவர்னர் வேஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் இருவரைப் போட்டுப் பார்த்தார்களாம். இருவரும் மேடையில் வெட்கப்பட்டார்களாம். என்னைப்போல் ஆங்கிலம் பேச இப்போது இங்கிலாந்திலேயே ஆள் இல்லையென்றார் மெரியானா. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

இந்த ஆங்கிலம் எனக்கு எப்படி வந்தது தெரியுமா? என் தகப்பனார் பூதலிங்கம் பிள்ளை ஆனைமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய குமாஸ்தா. தோட்டத்துரை பேசுவதை நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். அந்தத் துரையையே மேடையில் நிறுத்தினேன்.

வாராவாரம் ஒத்திகை. என்னை முதலில் ‘அங்கிள்’ என்றார்கள். பிறகு ‘மாதுவா’ என்றார்கள். தகப்பனைப் போன்றவரை அப்படி அழைப்பார்களாம். தேநீர் போட்டால் முதற்கோப்பை எனக்கு. ஆன்ட்டி மிரி என்று எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி, கைத்தடியோடு முன்வரிசையில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார். போகும்போது என் நெற்றியோடு நெற்றி, மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை ஒன்றாக இழுப்பார். அதுதான் அவர்கள் வணக்கம். முதல்நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதன்பிறகு அந்த நேரத்தில் அழிந்த திருநீற்றைப் புதிதாக இட்டுக்கொண்டு காத்திருப்பேன். அவர் நெற்றியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும்.

காட்சி இப்படி. நான் கப்பலிலிருந்து இறங்குகிறேன். மெரியானா கரையில் நிற்கிறார்.

“பெண்ணே, இந்த மலை யாருடையது? இதோ ஒரு போர்வை. இதை வைத்துக்கொண்டு மலையைக் கொடு.”

“ஒரு போர்வைதானா? மலைக்கும் குளிருமே ஐயா!”

“இந்த ஆறு யாருடையது?”

“அது படுத்திருக்கிறது. எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.”

“சரி, இந்த மலைக்கு என் மாமியாரின் பெயரை வைக்கிறேன்.”

மெரியானா மலையை அண்ணாந்து பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். “அடப்பாவமே! அவ்வளவு பெரிய அம்மாளா?” என்பார்.

நான் சிரிக்கவே கூடாது. எனக்கு அது கடினமாகவும் இல்லை. துரைமார் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதற்கடுத்து, எதிரில் நிற்பவர்களுக்கெல்லாம் நான் பெயர் சூட்ட வேண்டும். ‘உன் பெயர் வாயில் நுழையவில்லை, நீ இனிமேல் வில்லியம்’ என்பது போல. ஹேமியிடம் வந்தபோது எனக்கு எழுதிக் கொடுத்த பெயர் மறந்துவிட்டது. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். “யூ! ஜார்ஜ்!” விரலைச் சொடுக்கி, முகத்தைப் பாராமல், காது மடலைப் பார்த்து. கூடமே சிரித்தது. ஹேமி தரையில் உட்கார்ந்துவிட்டார். “மாதுவா, இதை எங்கே பிடித்தீர்கள்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். “என் தகப்பனாரைத் துரை அப்படித்தான் அழைப்பார். பூதலிங்கம் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. அப்பாவுக்கு முன்னால் இருந்த குமாஸ்தாவும் ஜார்ஜ்தான்; பின்னால் வந்தவரும் ஜார்ஜ்தான். பங்களா வாசலில் அப்பா காலையில் போய் நிற்பார். ஆனைமலை மழை! குடை கையில் இருக்கும்; ஆனால் மடித்துத்தான் இருக்கும். துரைக்கு எதிரே குடை விரிப்பதில்லை என்பது அந்தக் காலத்து மரியாதை. துரை காலையுணவை முடித்துவிட்டு வந்து ‘ஜார்ஜ்!’ என்பார். எவ்வளவு கண்டிப்பான மனிதர்!”

சிரிப்பு நின்றுவிட்டது அம்மா. நகைச்சுவைக் குழு, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் துரையின் பெருமையைத்தானே சொன்னேன்?

மெரியானா மெல்லக் கேட்டார். “உங்கள் அப்பா ஒன்றும் சொன்னதில்லையா?”

“என்ன சொல்ல வேண்டும்? நெஞ்சில் சளி கட்டி நாற்பது வயதில் போய்விட்டார். அந்த மழைதான் கொன்றது என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். பெண்கள் அப்படி ஏதாவது சொல்வார்கள்.”

பிறகு என் மகனைப் பற்றிக் கேட்டார். “ஆறுமுகநயினார், என் தாத்தாவின் பெயர்” என்றேன். “அலுவலகத்தில் ஏரன் என்கிறார்கள். வசதிக்காக அவனே வைத்துக்கொண்டான்.”

“அப்படியா? துரைக்கு அந்த வேலையும் மிச்சம்” என்றார் மெரியானா.

அதில் ஏதோ குத்தல் இருந்தது போல் பட்டது. நான் பொருட்படுத்தவில்லை.

நாடகத்தின் கடைசிக் காட்சிதான் முக்கியம். அதற்கு அவர்கள் வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மாவோரிகளின் சபையில் ஒருவர் எழுந்து பேசினால், அவர் பேசி முடித்ததும் அவரைச் சேர்ந்தவர்கள் எழுந்து அவர் பின்னால் நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். ‘இவர் சொன்னது எங்கள் சொல், இவர் தனியாள் இல்லை’ என்று சபைக்குக் காட்டும் பாட்டு. அது இல்லாவிட்டால் பேச்சு அந்தரத்தில் நிற்கும். என்ன அழகான முறை பாருங்கள்! நம்முடைய வாழ்த்தைப் போலவே இருக்கிறதே என்று நான் வியந்து போனேன்.

காட்சியில் நான் மகாராணியின் பெயரால் நெடிய உரை ஆற்றுகிறேன். மலை எனது, ஆறு எனது, காற்றுக்கான வரி பிறகு போடப்படும். உரை முடிகிறது. எல்லோரும் காத்திருக்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன். எனக்குப் பின்னால் காலி நாற்காலிகள்.

“எதற்குக் காத்திருக்கிறார்கள்?” என்று ஹேமியைக் கேட்க வேண்டும்.

“உங்கள் ஆட்கள் பாடுவதற்கு.”

“என் ஆட்களா? கப்பலில் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.”

“அப்படியானால் உங்கள் பேச்சு முடியவில்லை ஐயா. முடியாத பேச்சுக்கு நாங்கள் நிலம் கொடுப்பதில்லை.”

கவர்னர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். விளக்கு மங்கும். திரை. ஊரையே எடுத்துக்கொள்ள வந்தவனுக்கு ஒரு பாட்டுப் பாட ஆளில்லை என்பதுதான் நகைச்சுவை.

நாடகத்தின் முதல் நாளுக்கு மகன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தான். முன்வரிசையில் மூன்று நாற்காலிகளில் என் துண்டை நீளமாக விரித்து இடம் போட்டு வைத்தேன். மதியமே போன் வந்தது. “அப்பா, திடீர்னு ஒரு மீட்டிங் வந்துட்டுப்பா. அடுத்த வாரம் கட்டாயம் வந்துருதோம். நல்லா பண்ணுங்கப்பா, வீடியோ எடுக்கச் சொல்லுங்க” என்றான். மருமகளும் வாங்கி, “மாமா, பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு மாமா, தப்பா எடுக்காதீங்க” என்றாள். தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? துண்டை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. போர்வைக்குச் சிரித்தார்கள், மாமியாருக்குச் சிரித்தார்கள். உரையை முடித்தேன். திரும்பிப் பார்த்தேன், பின்னால் காலி நாற்காலிகள். ஒத்திகையில் பார்த்தவைதான். முன்னால் திரும்பினேன். அங்கே மூன்று நாற்காலிகளின் மேல் என் துண்டு.

ஹேமியிடம் கேட்க வேண்டிய கேள்வி எனக்கு வரவில்லை அம்மா. மறதி என்றுதான் நினைக்கிறேன். வயதாகிவிட்டது. சபை காத்திருக்கிறது. நானோ பேச்சை முடிக்காமல் நிற்கிறேன். அந்த நேரத்தில் வாழ்த்து தானாக எழுந்தது. கவர்னர் தொப்பியோடு, ஒட்டுமீசையோடு, கண்ணை மூடிக்கொண்டு, சிறுவயதில் பயின்ற அதே பண்ணில், முழுவதும் பாடினேன்.

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு தடி தட்டும் சத்தம் கேட்டது. மரப்படியில் யாரோ ஏறுகிறார்கள். கண்ணைத் திறக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். ஆன்ட்டி மிரி! பாட்டு தெரியாது, என் சுருதியைப் பிடித்துக்கொண்டு ‘ம்’ என்று இழுக்கிறார். அவர் நின்றால் மற்றவர் உட்கார்ந்திருக்க முடியுமா? கூடமே எழுந்து நின்றது. மூன்று நாற்காலிகளைத் தவிர எல்லா நாற்காலிகளும் காலியாயின. அந்த மூன்றும் முன்பே காலி.

பாடி முடித்துக் கண் திறந்தால் ஹேமி பக்கத்தில் நிற்கிறார். “போச்சு மாதுவா! உங்களுக்குப் பாட்டு கிடைத்துவிட்டது. இப்போது நாங்கள் நிலத்தைக் கொடுத்தாக வேண்டும்!” என்று சபைக்கே கேட்கும்படி சொன்னார். அந்தச் சிரிப்பில் ஓடுகள் பறக்காதது வியப்பு. மெரியானா மட்டும் திரைக்கு ஓரத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்திருக்கும்.

என் வெற்றி என்று எண்ணிக்கொண்டுதான் அடுத்த வாரம் போனேன். அப்போதுதான் அந்த அவமதிப்பு.

மெரியானா தேநீரைக் கையில் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார். “மாதுவா, கவர்னர் வேஷத்தை ஹேமி போடட்டும்.”

“ஏன்? என் நடிப்பில் குறையா?”

“குறையே இல்லை. ஆனால் நீங்கள் தனியாக நின்றால் எங்கள் ஆன்ட்டிகள் எழுந்துவிடுகிறார்கள். கவர்னருக்கு யாரும் எழக் கூடாது. அவருக்குப் பாட்டு இல்லை.”

“அப்படியென்றால் எனக்கு?”

“நீங்கள் ஜார்ஜ்” என்றார்.

கேட்டீர்களா? கவர்னராக இருந்தவனைக் குமாஸ்தாவாக இறக்கிவிட்டார்கள்! அதுவும் என்ன காட்சி? மழையில் குமாஸ்தா குடையை மடித்துக்கொண்டு நிற்கிறார். கவர்னர் ‘ஜார்ஜ்!’ என்கிறார். குமாஸ்தா அதற்கு ‘எஸ் சார்’ சொல்லக் கூடாதாம். அவர்கள் சபையில் தங்களைச் சொல்லிக்கொள்வது போலச் சொல்ல வேண்டுமாம். முதலில் மலை, பிறகு ஆறு, பிறகு முன்னோர், கடைசியில்தான் தன் பெயர். சொல்லிவிட்டுக் குடையை விரிக்க வேண்டுமாம். துரைக்கு முன்னால்!

“இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டேன்.

“ஹேமியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்களைப் பார்த்து எழுந்து நிற்பார்கள். அந்தக் கவர்னருக்கு எழ முடியாது மாதுவா; உங்கள் அப்பாவுக்கு எழலாம்” என்றார் அவர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் தகப்பனார் அப்படியெல்லாம் துரையை எதிர்த்துப் பேசுகிறவரல்லர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் யாரும் தடுக்கவில்லை. ஆன்ட்டி மிரி மட்டும் வாசல் வரைக்கும் வந்து, நெற்றியில் நெற்றி வைத்து, “சனிக்கிழமை உனக்கு நாற்காலி போட்டு வைப்பேன்” என்றார். அதன்பிறகு சில சனிக்கிழமைகள் போய்விட்டன. இந்தப் பேருந்தில் அந்தக் கூடத்தைக் கடந்து போவேன். இறங்கியதில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? இன்றைக்குத்தான் நாடகத்தின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு.

என் உடுப்பையா பார்க்கிறீர்கள்? இது மூடுகழுத்துக் கோட்டு. பழந்துணிக் கடையில் கிடைத்தது. தலைப்பாகையும் குளிருக்காகத்தான் கட்டினேன், காதடைப்புக்கு நல்லது. குடை, வானம் மூட்டமாக இருந்ததால். வேறு ஒன்றுமில்லை. மகனிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்கு இன்றைக்கும் ஏதோ மீட்டிங்.

உங்கள் நிறுத்தம் எது அம்மா? இன்னும் தொலைவா? நல்லது, நல்லது. சும்மா கேட்டேன். வீட்டில் புளி ஊறிக்கொண்டிருக்கும்.

அவர்கள் கேட்ட அந்த முறையைச் சொல்லிக் காட்டவா? வேடிக்கையாக இருக்கும். இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து... ‘என் மலை தாடகை மலை. என் ஆறு பழையாறு. நான் மாதேவன் பிள்ளையின் பேரன், ஆறுமுகநயினார் பிள்ளையின் மகன். என் பெயர்...’

இந்தப் பேருந்தில் எப்போதும் குளிரை அதிகமாக வைக்கிறார்கள்.

‘என் பெயர் பூதலிங்கம்.’

...

இவ்வளவுதான். சின்ன வசனம். பார்த்தீர்களா, கவர்னர் உரை எவ்வளவு நீளம்! இதைப் போய்... ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும் அம்மா. அப்பா போன பிறகு அவர் பெயரை நான் பிறர் காதில் விழும்படி இப்படி உரக்கச் சொன்னதே இல்லை. ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்க்கிறார்.

அதோ கூடம். வாசலில் விளக்குப் போட்டிருக்கிறார்கள். நான் எழுகிறேன். நடிக்க அல்ல, கடைசி நாளாயிற்றே, சும்மா எட்டிப் பார்த்து, நாற்காலி போட்டு வைத்த அந்த மூதாட்டிக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருவதுதான் முறை. மணியை அழுத்திவிட்டீர்களா? மிக்க நன்றி. கையைப் பிடிக்க வேண்டாம், நான் இறங்கிக்கொள்வேன்.

இவ்வளவு நேரம் ஒரு கிழவனின் பேச்சை இடையில் முறிக்காமல் கேட்டீர்கள். ஆடுகின்ற பெருமான் உங்களைக் காக்கட்டும். உங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களைக் கூப்பிடும் குரல் வீட்டில் ஓயாமல் இருக்கட்டும். எந்தச் சபையில் நீங்கள் எழுந்து பேசினாலும், பேசி முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது, உங்கள் பின்னால் யாராவது எழுந்து நிற்கட்டும்.